பிரிட்டன் தோட்டக் குளத்தில் இருப்பது தவளையா, தேரையா, நியூட்டா?

இங்கிலாந்தில் வீட்டுக் குளத்தில் தென்படுவதை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தவளை, தேரை, நியூட் (பல்லி போன்ற உருவமும் வாலும் கொண்ட நீர்நில வாழ்வி) எல்லாம் சேர்த்து, பிரிட்டனின் சொந்த நீர்நில வாழ்வி இனங்கள் மொத்தமே ஏழுதான்.

முதலில், நிறத்தை நம்பாதீர்கள். சாதாரணத் தவளை பச்சை, பழுப்பு, சில சமயம் சிவப்பாகக்கூட இருக்கும். ஈரமான வழவழப்பான தோல், கண்ணுக்குப் பின்னால் கரும்பட்டை, நீண்ட பின்னங்கால் இருந்தால் தவளை. தேரைக்குத் தோல் சொரசொரப்பு, கண் செம்பு நிறம். தாவுவதைவிட நடப்பதுதான் அதிகம். முதுகின் நடுவே மஞ்சள் கோடு ஓடினால் நாட்டர்ஜாக் தேரை. அது கடலோர மணல்மேடு, மணற்பாங்கான புதர்வெளிகளில்தான்; வீட்டுக் குளத்தில் எதிர்பார்க்க வேண்டாம். குளத் தவளை (pool frog) என்ற தனி இனத்தையும் வீட்டுக் குளத்தில் எதிர்பார்க்க வேண்டாம்: 1990களில் அற்றுப்போய், 2005இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து நார்ஃபோக்கில் விட்டார்கள்.

வசந்தத்தில் முட்டையே போதும். கொத்தாக மிதந்தால் தவளை, செடிகளில் சரம்சரமாகச் சுற்றியிருந்தால் தேரை. நியூட் ஒவ்வொரு முட்டையாக இலையை மடித்து உள்ளே வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

பல்லி மாதிரி இருந்தும் செதில் இல்லையா? நியூட்தான். சாதாரண நியூட்டும் பால்மேட் நியூட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பெண்கள் இன்னும் குழப்பும். தொண்டையைப் பாருங்கள்: புள்ளி இருந்தால் பெரும்பாலும் சாதாரண நியூட், புள்ளியே இல்லாத இளஞ்சிவப்பு என்றால் பால்மேட். இனப்பெருக்கக் காலத்தில் பால்மேட் ஆணின் வால்நுனியில் மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருக்கும்.

பெரிதாக, கருமையாக, வயிறு ஆரஞ்சில் கரும்திட்டுகளோடு இருந்தால் பெருங்கொண்டை நியூட். உரிமம் இல்லாமல் அதைப் பிடிப்பது சட்டவிரோதம். தொடாமல் படம் எடுங்கள்.