கேள்வி பதில்: கடை டிஸ்க்கை வீட்டில இருந்து திறக்கலாமோ?

கேள்வி: அண்ணை, கிளிநொச்சில ஸ்டூடியோ வச்சிருக்கிறன், கலியாண வீட்டுப் படமெல்லாம் கடைக் கொம்பியூட்டர்ல கிடக்கு. மாங்குளத்தில வீட்டில இருந்தே அந்த டிஸ்க்கைத் திறந்து எடிட் பண்ண ஏலுமோ? ரவுட்டர்ல 445 போட்டைத் திறந்து விடச் சொல்லுறாங்கள்.
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, உதை மட்டும் செய்து போடாதேங்கோ! 445 எண்டது விண்டோஸ் ஃபைல் ஷேரிங் போட், அதாவது ஃபைல் போற வாற வாசல், 2017ல வனாக்ரை எண்ட, ஃபைலுகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ் உலகமெல்லாம் பரவினதும் அதே ஷேரிங்ல இருந்த ஓட்டையாலதான், படலையைத் திறந்து வச்சிட்டு கள்ளன் வந்திட்டான் எண்டு பிறகு அழுது வேலையில்லை. ரெண்டு கொம்பியூட்டர்லயும் டெயில்ஸ்கேல் எண்ட, ரெண்டையும் இன்டர்நெட்டால தனியா இணைக்கிற மென்பொருளைப் போடுங்கோ, சொந்தப் பாவனைக்குக் காசில்லை, உள்ளுக்க ஓடுறது வயர்கார்ட் எண்ட பூட்டுற முறை, போற வாற எல்லாம் பூட்டித்தான் போகும், 4ஜி ரவுட்டர் எண்டாலும் ஒரு போட்டும் திறக்கத் தேவையில்லை. பிறகு படம் இருக்கிற ஃபோல்டரை மட்டும் ஷேர் பண்ணுங்கோ, முழு டிஸ்க்கையும் இல்லை, அதுக்கெண்டு தனி யூசர், நீளமான பாஸ்வேட். விண்டோஸ் ஷேரிங்கின்ர பழைய முறை எஸ்எம்பி 1 ஓனில இருந்தா நிப்பாட்டுங்கோ. லினக்ஸ் எண்டா, மற்றக் கொம்பியூட்டர் ஃபோல்டரைப் பூட்டின லைனால திறக்கிற எஸ்எஸ்எச்எஃப்எஸ் இன்னும் சுகம். ஒண்டு, வீடியோவை லைன்ல வச்சே எடிட் பண்ண வெளிக்கிட்டா இழுத்து இழுத்து விசர் வரும், கொப்பி எடுத்துச் செய்யுங்கோ. மாரியில கரண்ட் போனா கடைக் கொம்பியூட்டரும் படுத்திடும், ஒரு யூபிஎஸ் வாங்குங்கோவன்.