அடுப்பங்கரை அலமாரியில் ஒரு போஜோலே

கேள்வி: பிரான்சின் லியோன் நகருக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். அலுவலகத்தில் எல்லாரும் புகழ்கிறார்களே என்று பக்கத்து வட்டாரமான போஜோலேயின் சிவப்பு ஒயின் ஒரு புட்டி வாங்கினேன். சிவப்பு ஒயினைக் குளிர்விக்கக் கூடாது என்பதால் அடுப்பங்கரை அலமாரியிலேயே வைத்திருந்து, காரம் தூக்கலான ஆட்டுக்கறி மிளகு வறுவலுடன் குடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்த பழச்சாறு போல இருந்தது. இதற்கா இத்தனை ஆரவாரம்?

பதில்: புட்டியின் மேல் குற்றம் சுமத்துவதற்கு முன் அலமாரியையும் வறுவலையும் விசாரித்திருக்க வேண்டும். கோடையில் அடுப்பங்கரையின் வெப்பம் 25 பாகை செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹாலின் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பழவாசனை அதன் கீழே அமுங்கிப்போகும். இந்த ஒயினுக்கு உயிர்நாடியான புளிப்பும் மழுங்கிவிடும். குளிர்விக்கக் கூடாது என்ற விதி, துவர்ப்பு மிகுந்த கனமான சிவப்பு ஒயின்களுக்காக ஏற்பட்டது. குளிரில் துவர்ப்பு கூர்மையாகி நாக்கைப் பிடிக்கும் என்பதே அதன் காரணம். துவர்ப்பே குறைவாக உள்ள போஜோலேக்கு அந்த விதியைப் பொருத்துவதில் பொருளில்லை. குடிப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு முன் குளிர்பெட்டியில் வைத்து, 12 முதல் 14 பாகைக்குள் ஊற்றிப் பாருங்கள்.

துவர்ப்பு ஏன் குறைவு என்பதைத் தெரிந்துகொண்டால் 'தண்ணீர் கலந்த' என்ற உங்கள் தீர்ப்பை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். கமே என்னும் திராட்சை இயல்பாகவே துவர்ப்பு மெலிந்தது. போதாததற்கு, போஜோலேயின் மரபுப்படி பழங்களை நசுக்காமல் முழுக்கொத்தாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். அடியில் உள்ளவை மேலுள்ள பாரத்தால் நசுங்கி, அவற்றின் சாறு நொதிக்கத் தொடங்கி, கரியமில வாயு தொட்டியை நிறைக்கும்போது, மேலே நசுங்காமல் கிடக்கும் பழங்கள் தத்தம் தோலுக்குள்ளேயே நொதிக்கின்றன. நிறமும் வாசனையும் இறங்குகிற அளவுக்குத் தோலின் துவர்ப்பு இறங்குவதில்லை. இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த மென்மையைத்தான் நீங்கள் கலப்படம் என்கிறீர்கள்.

கமேவை இகழ்ந்ததில் நீங்கள் முதல் ஆளும் அல்லர். பர்கண்டியின் கோமகன் பிலிப் 1395-லேயே அதைத் தம் நிலத்திலிருந்து பிடுங்கியெறிய ஆணையிட்டார். அது தெற்கே போஜோலேயின் கிரானைட் சரிவுகளில் வேரூன்றி, லியோன் நகரின் அன்றாட ஒயினாக ஆனது. ரோன், சோன் ஆகிய இரண்டு ஆறுகளோடு போஜோலே என்ற மூன்றாவது ஆறும் லியோனில் ஓடுகிறது என்று நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊர்க்காரர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். கோப்பையைச் சாய்த்தால் ஒளி ஊடுருவும் மாணிக்கச் சிவப்பும், இளம் ஒயினாக இருந்தால் விளிம்பில் ஊதாச் சாயலும் தெரியும். முகர்ந்தால் ராஸ்பெர்ரி, செர்ரி, சில வேளைகளில் வயலட் பூ. வாயில் எடுத்த ஒயினை உடனே விழுங்காமல் நாக்கின் இருபுறமும் ஓடவிடுங்கள். எச்சில் ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறினால் புளிப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இதன் தரத்தை அந்தப் புளிப்பும் பழச்சுவையும் கொண்டு அளக்க வேண்டுமே தவிர, நாக்கில் படியும் கனத்தைக் கொண்டு அன்று.

உணவுப் பொருத்தமும் அந்தப் புளிப்பிலிருந்தே பிறக்கிறது. லியோனின் பூஷோன் எனப்படும் சிறு உணவகம் ஒன்றில் போய் உட்காருங்கள். அடிக்கண்ணாடி தடித்த, 46 சென்டிலிட்டர் பிடிக்கும் 'போ' என்ற குடுவையில் போஜோலேயைக் கொண்டுவந்து வைப்பார்கள். உடன் ரோசெத் என்னும் உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி மெல்லிய வில்லைகளாக வரும். வில்லையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிற கொழுப்பு நாக்கில் படிய, ஒரு மிடறு அதைக் கழுவிவிட, அடுத்த வில்லைக்குக் கை தானாகப் போகும். பூண்டும், பூண்டுத்தாள் போன்ற பச்சிலைகளும் கலந்த பாலாடைக் கட்டி, பருப்பு சாலட், வாட்டிய கோழி ஆகியவையும் இதே காரணத்தால் பொருந்தும். துவர்ப்பு குறைவு என்பதால் சால்மன் போன்ற மீனோடும் இது சண்டை போடாது. பல சிவப்பு ஒயின்களுக்கு வாய்க்காத குணம் இது.

உங்கள் மிளகு வறுவல் வேறு கதை. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும்; எரிகிற நாக்குக்கு ராஸ்பெர்ரியாவது, வயலட்டாவது! நம் சமையல்தான் வேண்டுமென்றால், தேங்காய்ப்பால் சேர்த்துக் காரம் அடக்கிய கோழிக் குழம்பை முயலுங்கள். ஆட்டுக்கறியை விட மனமில்லையென்றால் மிளகைக் குறைத்து, போஜோலேக்குள்ளேயே மோர்கோன் அல்லது மூலாங்-ஆ-வான் பகுதியின் ஒயினை, அதுவும் சில ஆண்டுகள் கிடந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே கமேதான் என்றாலும் இவை உடற்கட்டு உள்ளவை.

நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் 'நூவோ' ஒயினை வைத்து மட்டும் போஜோலேயை எடைபோட வேண்டாம். பறித்துச் சில வாரங்களே ஆன, வாழைப்பழமும் மிட்டாயும் மணக்கிற அது ஒரு நாள் கொண்டாட்டத்துக்கானது. அதற்கு மேல் அதைப் பாராட்ட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடையில் தேட வேண்டியவை, போஜோலேக்குள் தத்தம் பெயரிலேயே விற்கப்படும் 10 பகுதிகளின் ஒயின்கள். பழவாசனையும் மென்மையும் வேண்டுமென்றால் ஃப்ளூரி, ஷிரூப்ல் ஆகிய இரண்டில் ஒன்றில் தொடங்கலாம். இவற்றின் முகப்புச் சீட்டில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும்; போஜோலே என்று எழுதியிருக்கவில்லையே என்று அலமாரியில் திருப்பி வைத்துவிடாதீர்கள்.