சிட்டம், ஓட்டாஞ்சில்லு, வேடியப்பன்: குழியில் மண் சலித்தவனிடம் கேட்டவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பேராசிரியர் இல்லை. அகழாய்வுக் குழிகளில் பல பருவம் நின்று மண் சலித்தவன், அவ்வளவுதான்.

பாலக்கோடு: அதியமானைப் பாட ஔவையார் இருந்தார். அவன் காலத்தில் ஆடு மேய்த்தவனைப் பற்றி யார் ஐயா சொல்வார்கள்?

அவன் போட்ட குப்பை சொல்லும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடைந்த சட்டி, அடுப்புச் சாம்பல், தின்று எறிந்த எலும்பு எல்லாம் சாட்சிதான். ஆட்டின் தாடைப் பல்லைப் பார்த்தால் எந்த வயதில் அறுத்தார்கள் என்று தெரியும். கிடாய்க்குட்டிகள் சின்னதிலேயே போய், பெட்டைகள் கிழடாகும்வரை இருந்திருந்தால் பாலுக்காக வளர்த்த மந்தை என்று ஊகிக்கலாம்.

நம் பக்கத்துக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. தருமபுரியிலும் செங்கம் பக்கத்திலும் கிடைத்த, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறித்த நடுகற்கள், தொறு மீட்கப் போய்ச் செத்தவனைப் பேர் சொல்லிக் குறிக்கின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. எந்தச் செப்பேடும் கண்டுகொள்ளாத ஆள் அவன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கே கல்லில் பேர் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. எனக்கு அந்த நாயின் மேல் தனிப் பிரியம்.

ஊத்தங்கரை: எங்கள் கொல்லையில் வேடியப்பன் கல் இருக்கு. எழுத்து மாதிரி தெரியுது. தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சுப் படிக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நம் பக்கத்தில் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுவோம். கம்பி பிரஷ் பட்டால் எழுத்து மழுங்கும், எனாமல் பெயிண்ட் பள்ளத்தை அடைத்துவிடும். ராத்திரி டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத கோடெல்லாம் எழுந்து நிற்கும். அப்படியே படம் எடுத்து தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள், மை தடவிக் காகிதத்தில் எழுத்தை ஒற்றியெடுக்கும் மைப்படியை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். பூசையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கும்பிட்டதால்தான் அந்தக் கல் ஜல்லியாகாமல் நிற்கிறது.

பர்கூர்: மயிலாடும்பாறை இரும்புக்கு 4,200 வருஷம் என்கிறார்களே, இரும்புக்கு வயசு பார்க்க முடியுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் பார்த்தது இரும்போடு கிடந்த கரியின் வயதை. கரி என்பது எரிந்த மரம்தானே. உயிர் போனதும் உடம்பிலிருக்கும் கார்பன்-14 குறையத் தொடங்கும், சுமார் 5,730 வருஷத்தில் பாதியாகும். இப்போதைய முறைக்கு அரிசி மணியளவு கரி போதும். அப்படி வந்ததுதான் கி.மு. 2172. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள்.

ஆனால் கரியும் இரும்பும் ஒரே மண்ணடுக்கில், கலையாமல் கிடந்திருக்க வேண்டும். எலி வளையோ மர வேரோ புகுந்தால் மேலிருக்கும் கரி கீழே இறங்கிவிடும். அதனால்தான் குழியின் சுவரை மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்போம். ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆடுவது எனக்குப் பிடிக்காது. அக்கம்பக்கத்துக் குழிகளிலும் ஒத்த காலம் வரவர நம்பிக்கை கூடும்.

எனக்கு வருஷத்தைவிட உலை ஊதினவன் முக்கியம். உங்கள் காட்டில் கறுப்பாக, பொத்தல் பொத்தலாக, கைக்குக் கனமாகக் கல் கிடந்தால் அது இரும்புச் சிட்டமாக, அதாவது இரும்பு உருக்கியதில் கழிந்த கசடாக இருக்கலாம். பக்கத்தில் சுட்ட மண் குழாய்த் துண்டும் கிடந்தால் துருத்தியின் ஊதுகுழலாக இருக்கும். அங்கே பட்டறை நடந்திருக்கிறது.

பென்னாகரம்: அப்பவும் ராகிக் களிதானா சார்?

இல்லை. கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தெரிந்தபோது எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. தென்னிந்தியப் புதிய கற்காலத்து, அதாவது இரும்புக்கு முன்னால் கல் கருவி வைத்து வாழ்ந்த மக்கள் கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியமும் தின்றார்கள். அடுப்பு மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் கருகிய விதை மிதக்கும், சல்லடையில் அள்ளிக்கொள்ளலாம்.

சூளகிரி: மல்லசந்திரம் கல் வீடுகள் பாண்டவர் கட்டினதுன்னு பாட்டி சொல்லும்.

பாட்டியிடம் சண்டை வேண்டாம் கண்ணு. அவை இறந்தவர்களுக்காக எடுத்த கல்திட்டைகள். சில கல்திட்டைகளின் பலகைக்கல்லில் வட்டமாக ஓட்டை இருக்கும், அதற்கு இடுதுளை என்று பேர்.

தேன்கனிக்கோட்டை: வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போது பானை வந்தால்? புதையல் இருக்குமா?

பெரும்பாலும் மண்தான் இருக்கும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 1878ஆம் வருஷச் சட்டம் அது. பானை மட்டும் என்றாலும் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அதுவரை எடுக்காதீர்கள், முக்கியமாகக் கழுவாதீர்கள்.

ஒருமுறை ஒரு ஊரில் கருப்பு-சிவப்புப் பானை ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே பளபளவென்று இருந்தது. சபீனா போட்டு விளக்கியிருந்தார்கள், பாவம், மரியாதைக்காக. அதில் என்ன சமைத்தார்கள் என்ற கறை போயே போச்சு. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அண்ணன் புளியமரத்தைக் காட்டினார், தம்பி கிணற்றடியைக் காட்டினார்.