நின்றுபோன உரையாடல்: மறுபடியும் செய்தி அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. வட சென்னையில், தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், துறைமுகம் சார்ந்த நிறுவனத்தில் ஷிப்ட் வேலை. டேட்டிங் செயலியில் அறிமுகமான ஒரு பெண்ணுடன் மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் பேசினேன். ஒருமுறை நேரில் சந்தித்துக் காபியும் குடித்தோம். அவர் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறார். சந்திப்புக்குப் பின் பேச்சு குறைந்து, 11 நாளாக ஒன்றுமே இல்லை. என் கடைசிச் செய்திக்கு நீல டிக் விழுந்திருக்கிறது. மறுபடியும் அனுப்பலாமா? என்ன எழுதுவது?

பதில்: அனுப்பலாம், ஒரே ஒரு முறை. ஆனால் அதற்கு முன் நீங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த கடைசி உரையாடலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "ஆடி சேல் ஆரம்பிச்சிடுச்சு, பத்து மணிக்குத்தான் வீட்டுக்கே வரேன். ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல கூழ் ஊத்துறாங்க, பாட்டிக்குக் கூடமாட உதவணும்" என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்கு உங்கள் பதில், "ஓகே, டேக் கேர்." நீல டிக் விழுந்திருப்பது இந்த 'ஓகே'வுக்குத்தான். அதற்கு மேல் அவர் என்னதான் பதில் எழுதுவார்? வீட்டு விஷயம் ஒன்றை அவராகவே சொல்லியிருக்கும்போது, கதவைச் சாத்தியது நீங்கள்தான் என்பது என் கணிப்பு.

2014-இல் வாட்ஸ்அப்பில் வந்த அந்த நீல டிக், செய்தி திறக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். திறந்தவர் மனத்தில் என்ன ஓடியது என்பதைச் சொல்லாது. அதே சமயம், சந்திப்புக்குப் பிறகு பேச்சு குறைந்தது என்று நீங்களே சொல்வதால், அவருக்கு ஆர்வம் குறைந்திருக்கவும் கூடும். இரண்டில் எது என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு செய்தி அனுப்பினால் தெரிந்துவிடும்.

தயக்கம் இயல்பானது. தொடர்பு விட்டுப்போனவர்களுக்கு நாமாக நலம் விசாரித்து எழுதும்போது, அதைப் பெறுபவர் எவ்வளவு மகிழ்கிறார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியுவும் அவருடைய குழுவினரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே பழகிய நண்பர்களைப் பற்றியது. மூன்று வாரப் பழக்கத்துக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

செய்தியில் "பிஸியா?", "ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?", வெறும் கேள்விக்குறி ஆகியவை வேண்டாம். இவை எல்லாம் அவரைக் கணக்குச் சொல்ல வைக்கும் கேள்விகள். நாள் முழுக்கக் கடைக் கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், இதற்கும் சமாதானம் எழுத உட்கார மாட்டார். அவர் விட்ட இடத்திலிருந்தே எடுங்கள்: "கூழ் ஊத்துனது நல்லபடியா நடந்துச்சா? பாட்டி எப்படி இருக்காங்க?" அவ்வளவு போதும். பதில் சொல்ல அரை நிமிடம்தான் ஆகும். சொல்லாமல் விட்டாலும் அவருக்குச் சங்கடமில்லை.

காபிக்கு அழைப்பதை இதிலேயே சேர்க்காதீர்கள் என்று சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் பல வீடுகள் ஒற்றை அறையும் சமையல் மேடையும்தான். சார்ஜில் கிடக்கும் போன் ஒளிர்ந்தால் தம்பியோ அத்தையோ எட்டிப் பார்த்துவிடுவார்கள். அவருடைய மௌனத்துக்கே அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேறு யார் கண்ணில் பட்டாலும் அவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிராத வாக்கியமாக உங்கள் செய்தி இருக்க வேண்டும். நைட் ஷிப்ட்டில் இருந்தபடி இரவு இரண்டு மணிக்கு அனுப்பினால், அதே வாக்கியத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். வார நாளில், கடையில் சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் அனுப்புங்கள்.

பதில் வரவில்லையானால் இத்துடன் விட்டுவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடிப்பது, தோழி மூலம் விசாரிப்பது, ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பிக் குறிப்பில் 'ஹாய்' எழுதுவது (சிரிக்காதீர்கள், இப்படிச் செய்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்), சட்டை எடுப்பதுபோல் அவர் கடைக்குப் போய் நிற்பது, இவற்றில் எதுவும் கூடாது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாக உணர்த்திய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரு செய்தி அனுப்ப யோசனை கேட்டவரிடம் இதைச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். அவர் வேலை பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

பதில் வந்தால், அது "ம், நல்லா நடந்துச்சு" என்ற ஒற்றை வரியாகவே இருந்தாலும், 11 நாள் கணக்கை எடுக்காதீர்கள். பேச்சு இரண்டு மூன்று நாள் தானாக ஓடட்டும். அதன் பிறகு, ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும், அவருக்கு வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு, நாளையும் இடத்தையும் சொல்லியே அழையுங்கள். அந்த இடம் எம்.சி. ரோட்டுக்கும் அவர் தெருவுக்கும் தள்ளி, மெட்ரோவில் ஏறினால் அவர் தனியாகவே வந்து திரும்பக்கூடியதாக இருக்கட்டும்.