மிஷன் ஊழியம் முடித்து ஊர் திரும்பும் தம்பிக்கு என்னென்ன தயாரிப்பு வேண்டும்?

ஜார்க்கண்டில் ஒரு மிஷன் விடுதியில் இரண்டு வருடம் ஊழியம் செய்த தம்பி மே மாதம் தேவகோட்டைக்குத் திரும்புகிறார், எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டி கட்டுவது ஒரு நாள் வேலை. பணித்தளத்தை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதற்குத்தான் மூன்று மாதம் வேண்டும். இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்து வருபவருக்காக ஒரு நீள நோட்டுப் போடட்டும். எந்தப் பிள்ளைக்கு வலிப்பு மாத்திரை, எத்தனை மணிக்கு. யாருக்குக் கரும்பலகை தெரியாது. மளிகைக்கடை பாக்கி எவ்வளவு. கைப்பம்பு பழுதானால் யாரைக் கூப்பிடுவது. ஊரில் எந்த இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. இந்தக் கடைசி விவரம் எந்த அறிக்கையிலும் வராது. புதியவர் தெரியாமல் ஒரு வீட்டிலேயே கை நனைத்துக்கொண்டிருந்தால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் விடுதிக்கு வருவது நின்றுவிடும். அதனால் ஒரு வாரமாவது இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போய் வரட்டும்.

போகும் தேதியைப் பிள்ளைகளிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். அழுகையை அடக்க "சீக்கிரம் வந்துடுவேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

காகித வேலையில் பலரும் மாட்டுவது போன் நம்பரில். அங்கே போய் வேறு சிம் வாங்கிவிட்டு, ஊர் நம்பரை 90 நாள் தொடாமல் விட்டால் அது போய்விடலாம். ஆதாருக்கும் பேங்குக்கும் ஓடிபி வருவது அதில்தானே! இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்காக வைத்துவிடுவார்கள். தேதி தாண்டும் முன் நூறு ரூபாய் போட்டாலோ எடுத்தாலோ போதும். தாண்டிவிட்டால் கேஒய்சி காகிதங்களோடு (அடையாள, முகவரிச் சான்றுகள்) கிளைக்குப் போக வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியையும் பாருங்கள். மிஷனிடம் தேதி, செய்த வேலை, கற்ற மொழி எல்லாம் போட்டு அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கிளம்பட்டும். தபாலில் அனுப்புகிறோம் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும். மே மாதக் கூட்டத்தில் அன்றைக்கே போட்டால்தான் படுக்கை உறுதி. ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்தால் காரைக்குடியில் இறங்க இரவு பத்து மணி தாண்டிவிடும், வண்டி சொல்லி வையுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது காய்ச்சலைப் பற்றி. ஜார்க்கண்டில் மலேரியா உண்டு. அதில் வைவாக்ஸ் வகை கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்தும் திரும்ப வரும். நம் பக்கம் மலேரியா அரிது என்பதால் டாக்டருக்கு முதலில் டெங்குதான் தோன்றும். ஆகவே எப்போது குளிர்காய்ச்சல் வந்தாலும், "ரெண்டு வருஷம் ஜார்க்கண்ட்ல இருந்தேன், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்க" என்று இவரே சொல்ல வேண்டும். வைவாக்ஸ் என்று தெரிந்தால் தரும் பிரைமாகுயின் 14 நாள் மாத்திரை. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது. அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதை முன்கூட்டியே காட்டும் ஜி6பிடி என்ற ரத்தச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்த ஞாயிறே சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். இரண்டு வாரம் தள்ளிப் போடும்படி போதகரிடம் நீங்களே கேளுங்கள். விடுதிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைத் திரையில் போட வேண்டாம், அவர்கள் பெற்றோர் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் அம்மா முதல் நாளே கோழி வறுவல், நண்டு மசாலா என்று இறங்கிவிடுவார். இரண்டு வருடம் சப்பென்ற பருப்பும் உருளைக்கிழங்கும் சாப்பிட்ட வயிறு அது. ஒரு வாரம் இட்லி, ரசம், மோர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காரம். விடிகாலை நாலரைக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். விடுதி ஜெப மணிக்குப் பழகிய உடம்பு. "தூங்கேன்டா" என்று விரட்டாமல், ஒரு டம்ளர் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள்.