விடைத்தாளைக் காட்ட ஏன் இத்தனை தயக்கம்?

கேள்வி: மாநில அரசுப் பணிக்கான முதன்மைத் தேர்வில் ஒரு தாளில் மட்டும் எனக்கு எதிர்பாராத அளவுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. தேர்வு நடைமுறை முழுவதும் முடிந்த பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த விடைத்தாளின் நகலைக் கேட்டேன். ‘உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி வழங்க இயலாது’ என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், விழுப்புரம்

பதில்: சரியில்லை. தகவல் தர மறுக்கும் அலுவலர் அதற்கான காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான கால அளவையும், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதையும் தெரிவித்தாக வேண்டும் என்கிறது சட்டத்தின் பிரிவு 7(8). மறுப்பு நியாயமானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும், பிரிவு 19(5)இன்படி, மறுத்தவருடையதுதானே தவிர உங்களுடையது அன்று. ஒரு தீர்ப்பின் ஆண்டை மட்டும் எழுதிக் கோப்பை மூடிவிடுவது இந்தக் கடமைகளில் எதையும் நிறைவேற்றவில்லை.

தேர்வர் தம் விடைத்தாளைப் பார்க்கும் உரிமைக்கு அடித்தளம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. திருத்தப்பட்ட விடைத்தாள் சட்டம் சொல்லும் ‘தகவல்’தான் என்றும், அதை எழுதியவர் நேரில் பார்வையிடவும் சான்றிட்ட நகல் பெறவும் உரிமை உடையவர் என்றும் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. திருத்துநர்கள் எங்களை நம்பி ஒப்படைத்தவையாகவே விடைத்தாள்களை வைத்திருக்கிறோம், எனவே காட்ட முடியாது என்று வாரியம் வாதிட்டது. தேர்வை நடத்தும் அமைப்பின் சார்பில்தான் திருத்துநர் வேலை செய்கிறார் என்று கூறி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. திருத்துநரின் பாதுகாப்புக் கருதி அவருடைய பெயரும் கையொப்பமும் மறைக்கப்பட வேண்டும் என்பது அது விதித்த ஒரு வரம்பு. வெளியிடக் கூடாத பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரலாம் என்னும் பிரிவு 10 அதற்கு வழி செய்கிறது. முதல் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு கையொப்பத்தின் மீது தாளை ஒட்டி நகல் எடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?

உங்களுக்கு எதிராகக் காட்டப்படும் தீர்ப்பு, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கும் அங்கேஷ் குமாருக்கும் இடையிலான வழக்கில் 2018 பிப்ரவரியில் வந்தது. குடிமைப் பணித் தேர்வு குறித்த அந்த வழக்கில் கேட்கப்பட்டவை வெவ்வேறு பாடங்களின் மதிப்பெண்களை ஒப்பிடும்படி சமன்செய்யும் முறை, மாதிரி விடைகள், எல்லாத் தேர்வர்களின் முழு முடிவுகள் போன்றவை. சமன்செய்யப்படாத மூல மதிப்பெண்களை வெளியிடுவது சிக்கல்களை உண்டாக்கும் என்றும், இத்தகைய தகவல்களை இயந்திரத்தனமாக வழங்கச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது உண்மை. ஆனால் பொதுநலன் கோரினால் வழங்க உத்தரவிடலாம் என்றும், விதியோ நடைமுறையோ இருந்தால் அதைச் செயல்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தப் பகுதியைத் தகவல் அலுவலர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமானது, அதே ஆண்டு ஜூலையில் நடந்தது. உத்தரப் பிரதேசத் தேர்வாணையத்தின் தேர்வை எழுதிய மிருதுள் மிஸ்ரா தம் விடைத்தாளைக் காட்டக் கேட்ட வழக்கில், அங்கேஷ் குமார் தீர்ப்பையும் கருத்தில் கொண்ட பிறகே, தேர்வர் தம் விடைத்தாளைப் பார்வையிடுவதால் அரசின் செயல்பாட்டுக்கு எந்தக் குந்தகமும் இல்லை என்று கண்டு, நாளும் இடமும் குறித்து அவருக்குக் காட்டும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முன்பே, 2016இல், கேரளத் தேர்வாணைய வழக்கிலும் விடைத்தாளைத் தரலாம், திருத்துநரின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றே தீர்ப்பு வந்தது. இந்த இரண்டும் உங்களைப் போலவே மாநிலத் தேர்வாணையத் தேர்வை எழுதியவர்கள் தொடர்பானவை. உங்கள் மேல்முறையீட்டுக்கு இவையே வலுவான துணை.

இலட்சக்கணக்கானோர் கேட்டால் என்ன செய்வது என்று தேர்வாணையங்கள் கேட்கின்றன. முதன்மைத் தேர்வு வரை வருபவர்கள் விண்ணப்பித்தோரில் மிகச் சிறு பகுதியினரே. அவர்களிலும் எல்லாரும் கேட்கப் போவதில்லை. விடைத்தாளை வருடி எடுத்துக் கணினித் திரையிலேயே திருத்தும் முறை வந்துவிட்ட காலத்தில் இந்த வாதம் இன்னும் மெலிந்துபோகிறது. தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வு முறைகேட்டில் 99 பேருக்கு 2020இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது. மறைந்துபோகும் மையும் இடையில் திருத்தப்பட்ட விடைத்தாள்களும் செய்தியான பிறகு, நேர்மையாகப் படித்து எழுதிய இளைஞர் தம் தாளைப் பார்க்க விரும்புவதைத் தொல்லையாகக் கருதுவது பெரும் அநீதி. வேலையை விட்டுவிட்டு, வாடகை அறையில் ஆண்டுக்கணக்கில் படித்தவருக்கு ஓர் எண்ணை மட்டும் காட்டி அனுப்பிவிட எந்த அமைப்புக்கும் தார்மீக உரிமை கிடையாது.

ஒன்றை நீங்களும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மறுமதிப்பீட்டுக்கான உரிமை ஆகாது. விதிகளில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டுக்கு நீதிமன்றங்கள் எளிதில் உத்தரவிடுவதில்லை. ‘இந்தக் கட்டுரைக்கு ஆறு போதாது, ஒன்பது தந்திருக்க வேண்டும்’ என்று வாதிட்டால் பெரும்பாலும் பயன் இராது. மாறாக, ஒரு விடை திருத்தப்படாமலே விடுபட்டிருந்தாலோ, உள்ளே இட்ட மதிப்பெண் முகப்புக் கட்டத்தில் ஏறாமல் போயிருந்தாலோ, கூட்டல் தவறியிருந்தாலோ அவை கண்ணால் காணக்கூடிய பிழைகள். நகல் கைக்கு வந்ததும் முதலில் இவற்றைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மறுப்புக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீட்டை அனுப்புங்கள். என் விடைத்தாளை மட்டுமே கேட்கிறேன், திருத்துநரின் அடையாளத்தை மறைத்துத் தரலாம், நகல் தர இயலாவிட்டால் நேரில் பார்வையிட அனுமதியுங்கள் என்று அதில் வெளிப்படையாக எழுதுங்கள். அங்கும் மறுத்தால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகலாம். விடைத்தாள்களைப் பாதுகாத்து வைப்பதற்கென விதிக்கப்பட்ட காலம் வரையில்தான் இந்த உரிமை நிலைக்கும் என்று 2011 தீர்ப்பே கூறியிருப்பதால், மேல்முறையீடு முடியும் வரை உங்கள் தாளை அழிக்கக் கூடாது என்ற கோரிக்கையையும் அதே மனுவில் தவறாமல் சேர்த்துவிடுங்கள்.