வெளிநாட்டில் தன்னார்வலராகப் போனவர்கள் முதல் சில மாதங்களில் அன்றாட வாழ்க்கைக்கு எப்படிப் பழகினீர்கள்?

தான்சானியாவில், உலுகுரு மலையடிவாரத்தில் இருக்கும் மொரொகோரோ நகருக்கு வெளியே ஓர் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். போவதற்கு முன் பாடத்துக்காக மாதக்கணக்கில் தயாரானேன். போன பிறகு தடுமாறியதோ வணக்கம் சொல்வதில்.

முதல் வாரம் ஆசிரியர் அறைக்குள் நுழைவேன், பொதுவாக ஒரு வணக்கம் சொல்வேன், சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். ஒருநாள் மூத்த ஆசிரியை ஒருவர் தனியே அழைத்து, "எங்கள்மேல் ஏதாவது வருத்தமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே எந்தப் பேச்சையும் எடுப்பதற்கு முன் காலை எப்படி விடிந்தது, வீட்டில் என்ன செய்தி, வேலை எப்படிப் போகிறது என்று ஒவ்வொருவரிடமும் விசாரிக்க வேண்டும். பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமோ" என்போம்; அவர்கள் "மரஹபா" என்பார்கள். பெரியவர்களின் பாதத்தைப் பிடித்து வணங்குவதிலிருந்து வந்த சொல் "ஷிகாமோ" என்று அந்த ஆசிரியைதான் விளக்கினார். மறுநாளிலிருந்து வீட்டைவிட்டுக் கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்பினேன். நான் செய்த மாற்றங்களில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

இன்னொன்று, நேரம். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பகல் மணியை நள்ளிரவிலிருந்து எண்ணுவதில்லை, விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு "சா மோஜா", அதாவது ஒரு மணி. 8 மணி "சா ம்பிலி", இரண்டு மணி. பெற்றோர் கூட்டம் சா ம்பிலிக்கு என்றார்கள். நான் பிற்பகல் இரண்டுக்குப் போய் நின்றேன். கூட்டம் காலையிலேயே முடிந்திருந்தது. அன்று மிகவும் வெட்கமாக இருந்தது. பிறகு யோசித்தால், நம் முன்னோர் நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்துதானே எண்ணினார்கள்? நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டு முழுவதும் பொழுது ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிவதால், அந்தக் கணக்கு அங்கே இன்னும் பொருந்துகிறது.

சாப்பாடு பெரிய சிக்கலாக இல்லை. உகாலி என்பது மக்காச்சோள மாவுக் களி. ம்சிச்சா என்பது நம் தண்டுக்கீரை வகை. தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் ஊர் நினைவு வந்துவிடும். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான், லட்சத்துக்கு "லாக்கி". ஆனால் "மாமா" என்றால் அம்மா. கீரை விற்கும் பெண்மணியை அப்படி அழைக்க என் நாக்கு பல வாரம் மறுத்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்த வேண்டும். வார இறுதியில் தீர்ந்துவிடாமல் இருக்க, மீதி எவ்வளவு என்று வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது ஒன்று உண்டு. ஐரோப்பியத் தன்னார்வலரை அங்கே தன்னார்வலராகவே பார்க்கிறார்கள். இந்திய முகத்தைப் பார்த்தால் "ம்ஹிந்தி", அதாவது இந்தியர், உடனே "எந்தக் கடை உங்களுடையது?" என்ற கேள்வி. பல தலைமுறைகளாகக் குஜராத்திகள் உள்ளிட்ட இந்தியக் குடும்பங்கள் அங்கே வணிகம் செய்துவந்ததால் வந்த எண்ணம் இது. சம்பளம் வாங்காமல் வந்திருக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். முதலில் மனம் புண்பட்டது. விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, அவர்கள் போகும் அதே தலாதலா என்ற சிற்றுந்தில் இடிபட்டுக்கொண்டு, அதே சந்தையில் காய் வாங்கினேன். நான்கு மாதத்தில் அந்தக் கேள்வி நின்று, "ம்வாலிமு" என்று அழைக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் என்று பொருள்.

தனிமை வரும். எனக்கு மாலை ஆறரைக்கு இருட்டியதும் வந்தது. காய்ச்சலில் படுத்த வாரம் வாசலில் "ஹோடி" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்பது அது. வந்தவர்கள் "போலே" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். துன்பப்படுகிறவரிடம் உன் வலி எனக்கும் தெரிகிறது என்று சொல்ல ஒரே சொல். தமிழில் அதற்கு ஈடான சொல்லை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளியில் சுவாஹிலியில் படித்த பிள்ளைகள் உயர்நிலைக்கு வந்ததும் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போன எனக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். கேள்வி கேட்டால் அறுபது முகங்களும் தரையைப் பார்க்கும். ஒருநாள் எனக்குத் தெரிந்த சுவாஹிலியில் கணக்கைச் சொல்ல முயன்று, இரண்டு புத்தகங்கள் என்பதற்கு "கிதாபு ம்பிலி" என்றேன். கடைசி வரிசையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "விதாபு விவிலி, ம்வாலிமு" என்று திருத்தினாள். நன்றி சொல்லி, கரும்பலகையில் எழுதி, அவள் சொன்னபடி மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அவள் உட்காரவில்லை. பின்னங்களைக் கூட்டும்போது கீழே இருக்கும் எண்களை ஏன் கூட்டுவதில்லை என்று கேட்டாள்.